கையில் ஒட்டும் சென்சார் சர்க்கரை நோயைத் தடுக்குமா?

வெறும் வயிற்றுச் சர்க்கரை 108. எச்பிஏ1சி 5.9. இப்படி ஒரு லேப் ரிப்போர்ட் வந்தால் பெரும்பாலும் கிடைக்கும் ஆலோசனை இதுதான்: "பயப்பட ஒண்ணுமில்ல, பார்டர்லதான் இருக்கு. இனிப்பைக் குறைச்சுக்கோங்க, கொஞ்சம் நடங்க." கேட்டவர் வீட்டுக்கு வந்து காபியில் சர்க்கரையை நிறுத்துவார். கொஞ்ச நாள் மொட்டை மாடியில் நடப்பார். இட்லி எத்தனை சாப்பிடலாம், மதியச் சோற்றை என்ன செய்வது, நடப்பது சாப்பிடும் முன்பா பின்பா என்றெல்லாம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அடுத்த வருட ரிப்போர்ட்டில் எண் இன்னும் கொஞ்சம் கூடியிருக்கும்.

இந்தியாவில் இந்த பார்டர் நிலையில், அதாவது ப்ரீ-டயாபடீஸில், சுமார் 13.6 கோடிப் பேர் இருக்கிறார்கள். சர்க்கரை நோயே வந்துவிட்டவர்கள் சுமார் 10.1 கோடி. சென்னையிலுள்ள மெட்ராஸ் டயாபடீஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷன், இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலோடு சேர்ந்து நாடு முழுக்க நடத்திய ஆய்வு 2023-ல் வெளியிட்ட கணக்கு இது. வந்தவர்களைவிட விளிம்பில் நிற்பவர்கள் அதிகம். இவர்களில் பலருக்கு நோயைத் தள்ளிப்போடலாம், சிலருக்கு வராமலே தடுக்கலாம்.

இந்த இடத்தில்தான் மேல்கையின் பின்புறம் ஒட்டிக்கொள்ளும் குளுக்கோஸ் சென்சார் பேச்சுக்கு வருகிறது. முதலில் இது இன்சுலின் போடுகிறவர்களுக்கான கருவியாக இருந்தது. 2024 மார்ச்சில் அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம், இன்சுலின் போடாத பெரியவர்கள் மருத்துவர் சீட்டு இல்லாமலே வாங்கிக்கொள்ளும் முதல் சென்சாருக்கு அனுமதி கொடுத்தது. அதிலிருந்து, நோய் வராதவர்களும் இதை ஒட்டிக்கொள்ளலாமா என்ற கேள்வி எல்லா ஊரிலும் எழுந்துவிட்டது. ஒட்டிக்கொள்ளலாம். ஆனால் எதைக் கற்றுக்கொள்ளப் போகிறோம் என்று தெரிந்து ஒட்டவேண்டும். அது தெரியாமல் ஒட்டினால் இரண்டு வாரம் எண்களைப் பார்த்துப் பயந்ததுதான் மிச்சமாகும்.

பார்டர் என்றால் உடம்பில் என்ன நடக்கிறது?

முதலில் எண்கள். இந்தக் கட்டுரையில் வரும் சர்க்கரை அளவுகள் எல்லாம் லேப் ரிப்போர்ட்டில் இருப்பது போலவே, ஒரு டெசிலிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்ற கணக்கு; எச்பிஏ1சி மட்டும் சதவீதம். வெறும் வயிற்றில் 100-க்குக் கீழே இருந்தால் சரி. 100 முதல் 125 வரை பார்டர். 126 முதல் சர்க்கரை நோய். 75 கிராம் குளுக்கோஸ் குடித்து 2 மணி நேரம் கழித்துப் பார்த்தால் 140-க்குக் கீழே சரி. 140 முதல் 199 வரை பார்டர். 200 முதல் நோய். மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் எச்பிஏ1சி 5.7 முதல் 6.4 வரை பார்டர், 6.5 முதல் நோய். நோய் என்று முடிவு செய்ய, அறிகுறி எதுவும் இல்லாதவருக்கு ஒரு முறை வந்த எண் போதாது. மறுபடியும் பார்த்து உறுதி செய்வார்கள்.

நாம் சாப்பிடும் மாவுச்சத்து குடலில் குளுக்கோஸாக உடைந்து ரத்தத்தில் சேர்கிறது. கணையம் உடனே இன்சுலினைச் சுரக்கிறது. இன்சுலின் வந்ததும் தசைகள் குளுக்கோஸை உள்ளே இழுத்துக்கொள்கின்றன. கல்லீரல் தானாகச் சர்க்கரை தயாரித்து விடுவதைக் குறைத்துக்கொள்கிறது. எல்லாம் ஒழுங்காக நடந்தால் இரண்டு, மூன்று மணி நேரத்தில் அளவு பழைய இடத்துக்கு வந்துவிடும்.

வயிற்றுக்குள் கொழுப்பு சேர்ந்து, கல்லீரலிலும் தசையிலும் படியத் தொடங்கும்போது இன்சுலினின் பேச்சு அங்கே எடுபடுவதில்லை. கணையம் இன்னும் அதிகமாகச் சுரந்து ஈடுகட்டுகிறது. பல வருடம் ஈடுகட்டும், பிறகு முடியாமல் போகும். நம்மவர்களுக்கு இது கொஞ்சம் சீக்கிரமே நடக்கிறது. ஐரோப்பியர் ஒருவரோடு ஒப்பிட்டால், அதே எடையுள்ள இந்தியருக்குத் தசை குறைவு, வயிற்றுக் கொழுப்பு அதிகம். அதனால்தான் எடையை உயரத்தோடு ஒப்பிடும் உடல் நிறைக் குறியீடு அங்கே 25 தாண்டினால் அதிக எடை என்றால் நமக்கு 23 தாண்டினாலே அப்படி. இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. எட்டிவிட்டாலே கவனிக்க வேண்டும். "ஒல்லியாத்தானே இருக்கேன், எனக்கு எப்படி வரும்?" என்று கேட்பவர்களின் தொப்பையைப் பார்த்தால் பதில் கிடைத்துவிடும்.

பலருக்கு முதலில் தடுமாறுவது சாப்பாட்டுக்குப் பிறகான அளவுதான். வெறும் வயிற்றில் 98 காட்டுகிறவருக்கு மதியச் சாப்பாட்டுக்குப் பின் 180 வரை ஏறி இறங்குவது காலை ஏழு மணிக்கு எடுக்கும் ரத்தத்தில் எப்படித் தெரியும்? எச்பிஏ1சி சராசரியைத்தான் சொல்லும், ஏற்ற இறக்கத்தைச் சொல்லாது. இரும்புச்சத்துக் குறைவால் ரத்தசோகை இருந்தால் அந்தச் சராசரியும் கூடுதலாகக் காட்டக்கூடும். நம் பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை இருப்பதால் இதை நினைவில் வைப்பது நல்லது. 2018-ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தினர் 57 பேருக்குச் சென்சார் ஒட்டிப் பார்த்தபோது, வழக்கமான பரிசோதனையில் நார்மல் என்று வந்தவர்களில் சிலருக்கே சாப்பாட்டுக்குப் பின் அளவு நன்றாக எகிறியது தெரிந்தது. சென்சாரால் கிடைக்கும் புதுச் செய்தி இதுதான்: இரண்டு ரத்தப் பரிசோதனைகளுக்கு நடுவே உடம்பில் என்ன நடந்தது என்பது.

அந்த வில்லைக்குள் என்ன இருக்கிறது?

நாணயம் அளவுள்ள ஒரு பிளாஸ்டிக் வில்லை. அதன் அடியில் 5 மில்லிமீட்டர் அளவுக்கு மிக மெல்லிய, வளையக்கூடிய ஓர் இழை. கூடவே கொடுக்கும் குப்பி போன்ற கருவியை மேல்கையின் பின்புறச் சதையில் வைத்து அழுத்தினால் 'டப்' என்று ஒரு சத்தம். ஊசி உள்ளே போய் அதே வேகத்தில் வெளியே வந்துவிடும். இழை மட்டும் தோலுக்கடியில் தங்கும். எறும்பு கடித்த அளவுக்குக்கூடப் பலருக்கு வலிப்பதில்லை.

இழையின் மேல் குளுக்கோஸ் ஆக்சிடேஸ் என்ற நொதி பூசப்பட்டிருக்கிறது. குளுக்கோஸ் வந்து பட்டால் வேதிவினை நடந்து மிகச் சிறிய அளவில் மின்சாரம் உண்டாகும். குளுக்கோஸ் எவ்வளவோ அதற்கேற்ற மின்சாரம். வில்லை அதை எண்ணாக்கி ஃபோனுக்கு அனுப்புகிறது. சில நிமிடங்களுக்கு ஒரு முறை, இரவும் பகலும், பெரும்பாலான வகைகளில் 10 முதல் 15 நாள் வரை. குளிக்கலாம். சித்திரை வெயிலில் வியர்வையால் ஓரம் பெயர்ந்தால் மேலே ஒரு டேப் ஒட்டிக்கொள்ளலாம்.

இழை ரத்தக் குழாய்க்குள் போவதில்லை. தோலுக்கடியில் செல்களுக்கு நடுவே இருக்கும் திரவத்தில்தான் அது கிடக்கிறது. ரத்தத்தில் ஏறிய குளுக்கோஸ் அங்கே வந்து சேர 5 முதல் 15 நிமிடம் ஆகும். விரலில் குத்திப் பார்த்த குளுக்கோமீட்டரில் 160, சென்சாரில் 145 என்றால் சென்சார் பழுது என்று அர்த்தமில்லை; அளவு அப்போது ஏறிக்கொண்டிருக்கலாம். தாமதம் இல்லாத நேரத்திலும் நல்ல சென்சார்களுக்குச் சராசரியாக 9 சதவீதம் போல வித்தியாசம் உண்டு. 150 என்று காட்டினால் உண்மை 137 ஆகவும் இருக்கலாம், 163 ஆகவும் இருக்கலாம். ஒரே ஓர் எண்ணைப் பிடித்துக்கொண்டு கவலைப்படுவது அதனால்தான் வீண். ஏறுகிறதா, எவ்வளவு நேரம் மேலேயே நிற்கிறது, எப்போது இறங்குகிறது என்று கோட்டின் போக்கைப் பார்க்க வேண்டும்.

இன்னும் சில. ஒட்டிய முதல் நாள் எண்கள் கொஞ்சம் தாறுமாறாக இருக்கலாம். சென்சார் இருக்கும் கைப்பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் நடு இரவில் 60 என்று பொய்யாகக் காட்டும். அதிக அளவு வைட்டமின் சி மாத்திரை சில சென்சார்களைக் குழப்பும். எம்ஆர்ஐ எடுக்கப் போகிறவர்கள் ஸ்கேன் மையத்தில் முன்பே சொல்லிவிட வேண்டும். பெரும்பாலும் கழற்றச் சொல்வார்கள்.

ஒரு காலை, ஐந்து இட்லி

இனி வருவது விளக்குவதற்காக நான் எடுத்துக்கொண்ட மாதிரி எண்கள். ஆளுக்கு ஆள் மாறும். போக்கை மட்டும் பாருங்கள்.

நாற்பத்தைந்து வயது, பார்டர் நிலை. காலை ஆறு மணிக்கு 100. ஒன்றும் சாப்பிடாமலே ஏழரைக்கு 110. இதற்குப் பயப்பட வேண்டாம். விடியற்காலையில் உடம்பைக் கிளப்பிவிடச் சுரக்கும் ஹார்மோன்களால் கல்லீரல் கொஞ்சம் சர்க்கரையை வெளியே விடும். எட்டு மணிக்கு ஐந்து இட்லி, தேங்காய்ச் சட்னி, சர்க்கரை போட்ட காபி. எட்டரைக்குக் கோடு செங்குத்தாக ஏறுகிறது. ஒன்பது மணிக்கு 182. அந்த நேரத்தில் அவர் பைக்கிலோ பஸ்ஸிலோ உட்கார்ந்திருக்கிறார், பிறகு ஆபீஸ் நாற்காலி. பத்து மணிக்கும் 155. பதினொன்றுக்கு 115-க்கு இறங்கும்போது டீயும் இரண்டு பிஸ்கட்டும் வருகின்றன. கோடு மறுபடி மேலே போகிறது.

மறுநாள் அதே ஆள், அதே மாவு. முதலில் ஒரு சின்னக் கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டல். பிறகு மூன்று இட்லி, பருப்பும் காயும் நிறையப் போட்ட சாம்பார். சர்க்கரை இல்லாத காபி. உச்சம் 148.

அதற்கு மறுநாள் பழையபடி ஐந்து இட்லி, சட்னி. ஆனால் சாப்பிட்டதும் தெருவில் பதினைந்து நிமிட நடை. உச்சம் 155, இறக்கமும் சீக்கிரம்.

ஏன் இப்படி? இட்லி அரைத்துப் புளிக்க வைத்து ஆவியில் வேகவைத்தது. குழந்தைக்கும் நோயாளிக்கும் கொடுப்பதே எளிதில் செரிக்கும் என்பதால்தான். எளிதில் செரிப்பது என்றால் அதிலுள்ள அரிசி சீக்கிரமே குளுக்கோஸாகி ரத்தத்துக்கு வருகிறது என்றும் பொருள். உளுந்தின் புரதம் ஓரளவு தடுத்துப் பார்க்கும். சுண்டலும் சாம்பாரும் சேரும்போது நார்ச்சத்தும் புரதமும் கூடி, வயிறு உணவைக் குடலுக்கு மெதுவாகத் தள்ளுகிறது. இட்லியைக் குற்றவாளியாக்க வேண்டியதில்லை. எண்ணிக்கையும் கூட்டாளியும் மாறினால் போதும்.

சாப்பிடும் வரிசைக்கும் பங்குண்டு. 2015-ல் நியூயார்க்கின் வெய்ல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் சர்க்கரை நோயுள்ள 11 பேருக்கு ஒரே உணவை இரண்டு நாள் கொடுத்துப் பார்த்தார்கள். ஒரு நாள் ரொட்டியும் ஜூஸும் முதலில். இன்னொரு நாள் காய்கறியும் கோழியும் முதலில், ரொட்டி கடைசியில். காயை முதலில் சாப்பிட்ட நாளில் அரை மணியில் 29 சதவீதமும், ஒரு மணியில் 37 சதவீதமும் சர்க்கரை குறைவாக இருந்தது. சின்ன ஆய்வுதான். ஆனால் வீட்டிலேயே சோதித்துப் பார்க்கக்கூடியது, செலவில்லாதது. நம் பந்தியில் இனிப்பைத் தொட்டுவிட்டுச் சோற்றில் இறங்குகிறோம், பொரியல் தொட்டுக்கொள்ள மட்டும். கூட்டையும் பொரியலையும் பாதி முதலிலேயே சாப்பிட்டுவிட்டுச் சோற்றைப் பிசைந்தால் என்ன ஆகிறது என்று சென்சார் இருக்கும் நாளில் பாருங்கள்.

நடைக்கு வேறொரு கணக்கு. வேலை செய்யும் தசை இன்சுலினை எதிர்பார்க்காமலே குளுக்கோஸை எடுத்துக்கொள்ளும். இன்சுலின் பேச்சு எடுபடாத உடம்பிலும் இந்த வழி திறந்தே இருக்கிறது. சாப்பிட்ட பின் கால் மணி நேரம் மெதுவாக நடந்தாலே ஏற்றம் குறைவதற்குக் காரணம் அதுதான். "சாப்பிட்டதும் நடந்தால் வயிறு வலிக்கும்" என்பவர்கள் பத்து நிமிடம் விட்டு, மெதுவாக நடக்கலாம்.

சென்சார் ஒட்டியவர்களுக்கு அதிர்ச்சி கொடுப்பவை பெரும்பாலும் 'நல்லது' என்று நம்பிச் சாப்பிட்டவைதான். மாவாக அரைத்துக் காய்ச்சிய கேழ்வரகுக் கஞ்சி. அரிசியை விட்டுவிட்டேன் என்று தைரியமாகச் சாப்பிட்ட நான்கு சப்பாத்தி. டீயில் சர்க்கரைக்குப் பதில் போட்ட நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி, தேன். சிறுதானியம் நல்லதுதான், ஆனால் முழுதாக வேகவைத்ததும் பொடித்துக் காய்ச்சியதும் ஒன்றல்ல. கருப்பட்டியில் தாதுச்சத்து இருக்கலாம், உடம்பு அதையும் சர்க்கரையாகத்தான் எடுத்துக்கொள்ளும்.

அடுத்த வீட்டுக்காரருக்கு ஏறாதது உங்களுக்கு ஏறலாம். இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனம் 2015-ல் 800 பேரைச் சென்சாரோடு கவனித்து வெளியிட்ட ஆய்வில், ஒரே உணவுக்கு ஆளுக்கு ஆள் குளுக்கோஸ் வெவ்வேறு விதமாக ஏறியது. ஒருவருக்கே கூட, தூக்கம் கெட்ட மறுநாளும் மனஉளைச்சல் உள்ள நாளும் எண்கள் மாறும். அதனால் ஒரே நாளை வைத்து எந்த உணவுக்கும் தீர்ப்பு எழுதிவிடக் கூடாது. இரண்டு, மூன்று தடவை பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

சென்சார் வருவதற்கு முன்பே நிரூபித்தது

சர்க்கரை நோயைத் தடுக்கலாம் என்பதைச் சென்சார் கண்டுபிடிக்கவில்லை. சீனாவின் தாச்சிங் நகரில் 1986-ல் பார்டர் நிலையில் இருந்த 577 பேரை வைத்து ஓர் ஆய்வு தொடங்கினார்கள். உணவு, உடற்பயிற்சி பற்றி ஆறு வருடம் வழிகாட்டினார்கள். 30 வருடம் கழித்துக் கணக்குப் பார்த்தபோது, வழிகாட்டல் பெற்றவர்களுக்கு நோய் சராசரியாக ஏறக்குறைய நான்கு வருடம் தள்ளி வந்திருந்தது. இதயநோயும் மரணமும்கூடக் குறைந்திருந்தன. அமெரிக்காவில் 3,234 பேரை வைத்து நடந்து 2002-ல் வெளியான ஆய்வில், எடையில் 7 சதவீதம் குறைப்பது, வாரம் 150 நிமிடம் உடற்பயிற்சி என்ற இலக்கோடு பயிற்சி பெற்றவர்களுக்கு நோய் வருவது 58 சதவீதம் குறைந்தது. மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை நோய் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு 31 சதவீதம்தான் குறைந்தது.

நம் ஊருக்கு இது பொருந்துமா என்ற சந்தேகத்தைத் தீர்த்தவர் சென்னை மருத்துவர் அ. ராமச்சந்திரன். அவர் குழு 531 பேரை மூன்று வருடம் பின்தொடர்ந்து 2006-ல் முடிவை வெளியிட்டது. வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றவர்களில் 55 சதவீதம் பேருக்கு நோய் வந்துவிட்டது. வாழ்க்கைமுறைப் பயிற்சி பெற்றவர்களில் 39.3 சதவீதம். மூன்றே வருடத்தில் பாதிக்கு மேல் என்ற அந்த முதல் எண்ணைப் பாருங்கள். "பார்டர்தானே" என்று இனி யாரும் சொல்லக் கூடாது. இந்த ஆய்வில் எனக்கு மிக நம்பிக்கை தருவது வேறொன்று. பயிற்சி பெற்றவர்களுக்கு எடை குறையவே இல்லை, ஆனாலும் நோய் குறைந்தது. எடை மிஷினில் முள் நகரவில்லை என்று மனம் விட்டுப்போகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அதே ராமச்சந்திரன் குழு பின்னர், வேலைக்குப் போகும் 537 ஆண்களில் ஒரு பிரிவினருக்கு உணவு, நடை பற்றிய குறுஞ்செய்திகளைத் தொடர்ந்து ஃபோனுக்கு அனுப்பிப் பார்த்தது. இரண்டு வருடத்தில் செய்தி பெறாதவர்களில் 27 சதவீதம் பேருக்கு நோய் வந்தது. பெற்றவர்களில் 18 சதவீதம். 2013-ல் வெளியான முடிவு இது. சாதாரண எஸ்எம்எஸ்! சரியான நேரத்தில், தன் நிலைக்கு ஏற்றபடி, யாரோ ஒருவர் விடாமல் நினைவூட்டினார் என்பதுதான் அங்கே வேலை செய்தது. சென்னையிலேயே 578 பேரை வைத்துக் குழு வகுப்புகளாக நடத்தி, தேவைப்பட்டவர்களுக்கு மட்டும் மெட்ஃபார்மினும் சேர்த்த இன்னொரு ஆய்வு, மூன்று வருடத்தில் நோய் வருவது 32 சதவீதம் குறைந்ததாக 2016-ல் சொன்னது.

இவை எதிலும் சென்சார் கிடையாது. சென்சாரை அணிந்ததால் மட்டுமே நோய் வருவது குறைந்தது என்று இந்த அளவில், இத்தனை வருடம் பார்த்து நிரூபித்த ஆய்வும் இன்னும் இல்லை. விற்பவர்கள் வேறு மாதிரிச் சொன்னால் நம்பாதீர்கள். நோயைத் தடுத்தது உணவும் நடையும், அவற்றைச் சொல்லிக்கொடுத்து விடாமல் கூட நின்ற மனிதர்களும். "மூணு இட்லி போதும்" என்று உணவு ஆலோசகர் சொல்லும்போது வராத நம்பிக்கை, கோடு தன் கண்ணெதிரே இறங்கும்போது வந்துவிடும். கல்வியோடு சேர்ந்தால் சென்சாருக்கு மதிப்பு அங்கேதான்.

இரண்டு வாரத்தை எப்படிச் செலவழிப்பது?

முதல் மூன்று, நான்கு நாள் எதையும் மாற்றாதீர்கள். வழக்கம் போலச் சாப்பிடுங்கள், வழக்கம் போலத் தூங்குங்கள். எதை, எவ்வளவு, எத்தனை மணிக்கு என்று மட்டும் எழுதி வையுங்கள். "சாதம்" என்று எழுதினால் போதாது. எத்தனை கரண்டி என்று எழுதவேண்டும். சாப்பிடும் முன் எண், உச்சம், இரண்டு மணி நேரம் கழித்து எண் ஆகிய மூன்றையும் பக்கத்தில் குறியுங்கள். நல்லபிள்ளையாக நடந்து எடுத்த கோடு யாருக்கும் பயன்படாது.

பிறகு ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். ஒரே நாளில் சோற்றையும் குறைத்து, நடையும் நடந்து, காயையும் கூட்டினால் எது வேலை செய்தது என்று தெரியாது. எந்தச் சாப்பாட்டுக்குப் பிறகு கோடு அதிகம் ஏறுகிறதோ அதிலிருந்து தொடங்குங்கள். நம்மில் பெரும்பாலானவர்களுக்கு அது மதியச் சோறாகவோ இரவு டிபனாகவோ இருக்கும். பார்டரில் 13.6 கோடிப் பேர் என்று கணக்குச் சொன்ன அதே தேசிய ஆய்வின் உணவுப் பகுதி 2025-ல் வந்தது. இந்தியர்கள் சாப்பிடும் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது என்கிறது. அந்த மாவுச்சத்தில் ஒரு சின்னப் பங்கை எடுத்துவிட்டுப் பருப்பு, பயறு, முட்டை, மீன், தயிர் என்று புரதம் வைத்தாலே நல்லது. மூன்று கரண்டிச் சோற்றை இரண்டாக்கி, காலியான இடத்தில் சுண்டலோ கீரைக்கூட்டோ வைப்பதுதான் நடைமுறையில் இதற்கு அர்த்தம். இரவு ஒன்பதரைக்குச் சாப்பிடுவதை ஏழரைக்கு நகர்த்திப் பார்ப்பதும் நல்ல சோதனை.

கடைசி இரண்டு நாள், வேலை செய்த மாற்றங்களை மட்டும் சேர்த்து ஒரு சாதாரண நாளைப் போல வாழ்ந்து பாருங்கள். அந்தக் கோட்டையும் நோட்டையும் எடுத்துக்கொண்டு மருத்துவரிடமோ உணவு ஆலோசகரிடமோ போங்கள். அடுத்த சென்சார் உடனே வாங்கத் தேவையில்லை. ஒன்றின் விலை சில ஆயிரம் ரூபாய். மாதாமாதம் அந்தப் பணத்தில் வீட்டுக்குக் காயும் பயறும் நிறையவே வாங்கலாம்.

எங்கே தடுக்கி விழுவோம்?

கோடு ஏறவே கூடாது என்று நினைப்பது முதல் தவறு. சர்க்கரை நோய் இல்லாத ஆரோக்கியமானவர்களுக்குச் சென்சார் ஒட்டிப் பார்த்த அமெரிக்க ஆய்வில், அவர்களுக்கே ஒரு நாளில் அரை மணி நேரம் போல 140-ஐத் தாண்டியது. சாப்பிட்டால் ஏறும். அது உடம்பின் இயல்பு.

இதைவிட ஆபத்தான தவறு, ஏறாததெல்லாம் நல்லது என்று முடிவு கட்டுவது. நான்கு வடையோ சிக்கன் ஃப்ரையோ சாப்பிட்டால் கோடு பெரிதாக அசையாது. எண்ணெய் செரிமானத்தைத் தாமதப்படுத்திவிடும். ஆனால் அந்தக் கலோரி வயிற்றில்தான் போய்ச் சேரும், பார்டருக்குக் கொண்டுவந்த அதே கொழுப்பாக. உப்பு, கொலஸ்ட்ரால், ரத்த அழுத்தம் பற்றிச் சென்சாருக்கு ஒன்றுமே தெரியாது. மாறாக ஒரு கொய்யாப்பழத்துக்குக் கோடு கொஞ்சம் ஏறியது என்று பழத்தையே விட்டுவிடுவார்கள். அது வேண்டாம்.

சென்சாரை வைத்து "எனக்குச் சுகர் வந்துடுச்சு" என்றோ "இல்லை" என்றோ முடிவு செய்யக் கூடாது. அதற்கு லேப் பரிசோதனை மட்டும்தான். சர்க்கரை நோயாளிகளுக்கான 70 முதல் 180 என்ற இலக்கு ஆப்பில் பச்சை நிறத்தில் தெரியும். பார்டர் நிலையில் உள்ளவர் அதைப் பார்த்து, 175 வரை போனாலும் பச்சைக்குள்தானே இருக்கிறது என்று நிம்மதி அடைந்துவிடக் கூடாது. சாப்பாட்டைப் பற்றி ஏற்கெனவே அதிகம் பதறுகிறவர்களுக்கும், உணவுக் கோளாறு இருந்தவர்களுக்கும் இந்தக் கருவியே வேண்டாம் என்பேன்.

தோலைத் துளைக்காமல் சர்க்கரை பார்க்கும் என்று ஆன்லைனில் விற்கும் ஸ்மார்ட் வாட்ச், மோதிரம் எதையும் வாங்காதீர்கள். அப்படி எந்தக் கருவிக்கும் அனுமதி கொடுக்கவில்லை என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2024 பிப்ரவரியில் வெளிப்படையாகவே எச்சரித்தது. மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் அந்த எண்ணை நம்பி டோஸை மாற்றினால் உயிருக்கே ஆபத்து.

சென்சார் வாங்க முடியாதவர்கள்

இதில் சொன்ன சோதனைகளைச் சாதாரண குளுக்கோமீட்டரிலும் செய்யலாம். சாப்பிடும் முன் ஒரு குத்து, முதல் வாய் வைத்து இரண்டு மணி நேரம் கழித்து ஒரு குத்து. தினமும் எல்லா வேளையும் வேண்டாம். திங்கள் காலை டிபன், புதன் மதியச் சோறு, வெள்ளி இரவு என்று ஒரு வாரத்துக்கு மூன்று ஜோடி எடுத்தாலே எந்த வேளை இடிக்கிறது என்று தெரிந்துவிடும். உச்சம் தெரியாது, ஆனால் பாடம் கிடைக்கும்.

குளுக்கோமீட்டரும் இல்லாமல், ஒரு இஞ்ச் டேப்பை மட்டும் வைத்து ஆபத்தைக் கணக்கிட ஒரு வழி உண்டு. மருத்துவர் வி. மோகனும் குழுவினரும் சென்னையில் நடத்திய ஆய்விலிருந்து 2005-ல் உருவாக்கிய இந்திய நீரிழிவு அபாய மதிப்பெண் அது. வயது 35-க்குக் கீழே என்றால் 0, 35 முதல் 49 வரை 20, 50-ம் அதற்கு மேலும் என்றால் 30. இடுப்பு, ஆண்களுக்கு 90 முதல் 99 செ.மீ., பெண்களுக்கு 80 முதல் 89 செ.மீ. என்றால் 10, அதற்கு மேல் 20. உடலுழைப்பும் உடற்பயிற்சியும் இருந்தால் 0, இரண்டில் ஒன்று என்றால் 20, இரண்டும் இல்லை என்றால் 30. அப்பா அம்மாவில் ஒருவருக்குச் சர்க்கரை இருந்தால் 10, இருவருக்கும் இருந்தால் 20. மொத்தம் 60 அல்லது அதற்கு மேல் வந்தால் ஆபத்து அதிகம். 52 வயது, இடுப்பு 88 செ.மீ., உட்கார்ந்த வேலை, உடற்பயிற்சி இல்லை, அம்மாவுக்குச் சுகர் என்று இருக்கும் ஒரு பெண்ணுக்கு 80 வருகிறது. அவர் சென்சாரைப் பற்றி யோசிக்கும் முன் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் ரத்தம் கொடுக்கட்டும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டு வாசலுக்கே வந்து ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள், அவர்களிடமும் கேட்கலாம்.

பார்டர் என்று ஒரு முறை வந்துவிட்டால் வருடத்துக்கு ஒரு முறையாவது பரிசோதனையைத் திரும்ப எடுக்க வேண்டும். கர்ப்பகாலத்தில் சர்க்கரை இருந்த பெண்களுக்கு ஆபத்து மற்றவர்களைவிடப் பல மடங்கு. பிரசவத்தோடு எண் இறங்கிவிட்டது என்று பெரும்பாலான வீடுகளில் அதை மறந்தே போகிறார்கள். அவர்கள் பிரசவமாகி 4 முதல் 12 வாரத்துக்குள் 75 கிராம் குளுக்கோஸ் பரிசோதனை எடுத்துக்கொள்ள வேண்டும். சரியாக இருந்தாலும் மூன்று வருடத்துக்கு ஒரு முறையாவது தொடர்ந்து பார்க்க வேண்டும். குழந்தைக்கு ஆறாவது வாரத் தடுப்பூசி போடப் போகும்போதே அம்மாவுக்கு அந்தப் பரிசோதனையை எந்த நாளில் எடுக்கலாம் என்று நர்ஸிடம் கேட்டுக் குறித்துக்கொண்டு வாருங்கள்.